அண்ணனோட ஜீன் ரிப்போர்ட் இன்னும் முடியலம்மா

வணக்கம்மா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் பதில் சொல்றேன், ஆனா நீங்க கேட்ட வரிசைல இல்ல.

இதே நிலைமைல இருக்குற மத்தவங்களுக்கும் புரியணும்ங்கறதால உங்க லெட்டரை சுருக்கமா சொல்லிடறேன். அண்ணனுக்கு இப்ப 33 வயசு. 26 வயசுல வேகமா நடந்தாலோ ஓடினாலோ இடது பாதம் உள்பக்கமா திரும்பிக்கும், கட்டைவிரல் மேல தூக்கிக்கும். சுளுக்கு, நரம்பு பிசகல்னு நாலு வருஷம் அலைஞ்சு கடைசில 30 வயசுலதான் பார்க்கின்சன்ங்கற நரம்பு நோய்னு தெரிஞ்சிருக்கு. முதல்ல எடுத்த ஜீன் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. ரெண்டாவதா வேற முறைல எடுத்ததுல பார்க்கின்ங்கற ஜீன்ல "எக்ஸான் 3 டிலீஷன், எக்ஸான் 4 டிலீஷன், ரெண்டும் ஹெட்டரோசைகஸ்"னு (அதாவது ரெண்டு காப்பில ஒண்ணுல மட்டும் அந்தத் துண்டு இல்லன்னு) வந்து, "ரெண்டு மியூட்டேஷன் இருக்கு, கன்ஃபர்ம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. உங்களுக்கு 29 வயசு, குழந்தைக்கு பிளான் பண்றீங்க. எனக்கும் வருமா, என் குழந்தைக்கு வருமா, அண்ணனோட நாலு வயசு பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கணுமா, நான் எடுக்கணுமா, இதெல்லாம் உங்க கேள்வி. கடைசில ஒரே ஒரு வரி, "பிராமிபெக்ஸால் டோஸ் ஏத்தினதுல இருந்து நடை நல்லாயிருக்கு, ஆனா ராத்திரி முழுக்க போன்ல பணம் கட்டி கேம் ஆடுறார், கேட்டா பொய் சொல்றார், அண்ணன் இப்படிப்பட்ட ஆளே இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க.

அந்த கடைசி வரிதான் இதுல ரொம்ப அவசரம். ஜீன் எங்கயும் ஓடிப் போகாது, இது காத்திருக்காது. பிராமிபெக்ஸால், ரோபினிரோல் மாதிரி மாத்திரைங்க, பார்க்கின்சன்ல குறைஞ்சு போற டோபமைன்ங்கற மூளை ரசாயனம் மாதிரியே நடிச்சு வேலை செய்யுது, கை காலுக்கு நல்லதுதான், ஆனா மூளைல ஆசை, பரிசு, "இன்னும் ஒரு தடவை"ங்கற உந்துதலை நடத்துற இடத்தையும் போய் தட்டி விட்டுடும். சூதாட்டம், கண்மண் தெரியாம பொருள் வாங்குறது, அளவுக்கு மீறி சாப்பிடறது, செக்ஸ் விஷயத்துல கட்டுப்பாடு போறது, இதெல்லாம் அப்படி வரும். 2010ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பாத்தாங்க, இந்த வகை மாத்திரை எடுக்கறவங்கள்ல 100க்கு 17 பேர் கிட்ட இந்தப் பிரச்சனை இருந்துச்சு, எடுக்காதவங்கள்ல 7 பேர்கிட்ட. வயசு கம்மியா இருந்தா ரிஸ்க் இன்னும் கூட. அதனால உங்க அண்ணன் கெட்டுப் போயிட்டார்னு யாரும் வீட்டுல பேச வேண்டாம். பொய் சொல்றது கூட அந்த நோயாளிகள்கிட்ட நான் அடிக்கடி பாக்குறதுதான், வெட்கத்துல மறைக்கிறாங்க, தன்னால நிறுத்த முடியலன்னு அவங்களுக்கே பயமா இருக்கும்.

செய்ய வேண்டியது, அவரோட நரம்பியல் டாக்டருக்கு உடனே போன் பண்ணி இதை அப்படியே சொல்லணும், எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு பணம் போச்சு, தூக்கம் எப்படின்னு. டோஸை படிப்படியா குறைச்சு லெவோடோபாங்கற இன்னொரு பார்க்கின்சன் மாத்திரை பக்கம் மாத்துவாங்க. நீங்களா மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா பயங்கர பதட்டம், மன அழுத்தம் வரும், உடம்பு விறைச்சு காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தான நிலைமை கூட வரலாம். அது வரைக்கும் பேங்க் ஆப், கார்டு எல்லாம் அண்ணி கைல இருக்கட்டும், அதை அண்ணன் சம்மதத்தோட செய்யுங்க, பிடுங்கின மாதிரி இல்லாம. "இது மாத்திரை பண்ற வேலை, சரி பண்ணலாம்"னு சொன்னாலே பாதி பேர் அழுதுடுவாங்க, அவ்வளவு நாள் உள்ளயே வச்சிருந்திருப்பாங்க.

இப்ப ஜீன் விஷயம். இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், உங்க அண்ணனோட ரிப்போர்ட் இன்னும் முடியல. முடியாத ரிப்போர்ட்டை வச்சு குடும்பமே முடிவு எடுத்துட்டு இருக்கீங்க.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஜீனைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். 1973லயே ஜப்பான்ல யமமுரான்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும், சின்ன வயசுல ஆரம்பிக்கிற, தூங்கி எழுந்தா நல்லாயிருந்து பொழுது போகப் போக மோசமாகுற ஒரு பார்க்கின்சனை எழுதி வச்சாங்க. 25 வருஷம் கழிச்சு 1998ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள்தான் அதுக்கு காரணமான ஜீனை கண்டுபிடிச்சு பார்க்கின்னு பேர் வச்சாங்க. 6வது குரோமோசோம்ல இருக்கு. மனுஷ உடம்புல இருக்குற ரொம்ப பெரிய ஜீன்கள்ல இதுவும் ஒண்ணு, கிட்டத்தட்ட 14 லட்சம் எழுத்து நீளம். ஆனா புரதம் செய்யறதுக்கான எழுத்து அதுல வெறும் 1,400 கிட்டதான், அதுவும் 12 துண்டா, நடுவுல நடுவுல பெரிய பெரிய இடைவெளி விட்டு கிடக்கு. அந்த துண்டுக்குத்தான் எக்ஸான்னு பேர். போதாததுக்கு குரோமோசோம்ல இந்த இடமே லேசா உடையக்கூடிய இடம், அதனால ஒரு எழுத்து மாறிப் போறது மட்டும் இல்லாம ஒரு முழு எக்ஸான், சில சமயம் பக்கத்து பக்கத்துல ரெண்டு மூணு எக்ஸான் மொத்தமா காணாம போறது இந்த ஜீன்ல ரொம்ப சகஜம்.

முதல் டெஸ்ட்ல ஏன் ஒண்ணும் தெரியலன்னு கோவமா எழுதியிருந்தீங்க. நம்ம எல்லார்கிட்டயும் ஒவ்வொரு ஜீனும் ரெண்டு காப்பி, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. சாதாரண சீக்வென்சிங் எழுத்து எழுத்தா படிக்கும். ஒரு காப்பில எக்ஸான் 3 முழுசா இல்லைன்னாலும் இன்னொரு காப்பில இருக்குறதை படிச்சுட்டு "எக்ஸான் 3 இருக்கு, எழுத்து எல்லாம் சரி"ன்னு சொல்லிடும். எத்தனை காப்பி இருக்குன்னு எண்ணிப் பாக்குற டெஸ்ட் தனி, எம்எல்பிஏன்னு சொல்லுவாங்க. சின்ன வயசு பார்க்கின்சன்ல இந்த எண்ணுற டெஸ்ட் இல்லாம பார்க்கின் ஜீன் நார்மல்னு சொன்னா அதை நான் நம்ப மாட்டேன். அதனால ரெண்டாவது டெஸ்ட் எடுக்க சொன்ன டாக்டர் நல்லா யோசிச்சிருக்கார்.

ஆனா அந்த எண்ணுற டெஸ்ட்டுக்கும் ஒரு குறை இருக்கு, இங்கதான் உங்க விஷயம் சிக்குது. அது எண்ணிக்கை மட்டும்தான் சொல்லும். எக்ஸான் 3 ரெண்டுக்கு பதிலா ஒண்ணு இருக்கு, எக்ஸான் 4ம் ரெண்டுக்கு பதிலா ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான் அதுக்கு தெரியும். எந்த காப்பில இல்லைன்னு சொல்லாது. இப்ப யோசிச்சுப் பாருங்க, இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம். அப்பா கொடுத்த காப்பில எக்ஸான் 3 இல்லாம, அம்மா கொடுத்த காப்பில எக்ஸான் 4 இல்லாம இருக்கலாம். அப்படின்னா ரெண்டு காப்பியுமே பழுது, அண்ணனோட நோய்க்கு காரணம் அதுதான். இல்லைன்னா, 3ம் 4ம் பக்கத்து பக்கத்து எக்ஸான் இல்லையா, ஒரே காப்பில ரெண்டும் சேந்து ஒரே வெட்டா போயிருக்கலாம், இன்னொரு காப்பி முழுசா நல்லா இருக்கலாம். ரிப்போர்ட்ல ரெண்டு வரியா எழுதியிருக்கு, ஆனா அது ரெண்டு மியூட்டேஷன் இல்ல, ஒண்ணுதான். அப்படின்னா அண்ணன் வெறும் கேரியர், அதாவது ஒரு பழுது காப்பியை சும்மா சுமக்கிறவர், அவரோட பார்க்கின்சனுக்கு காரணத்தை இன்னும் கண்டுபிடிக்கலன்னு அர்த்தம், பிங்க்1, டிஜே1 மாதிரி மத்த ஜீன்களையும் பாக்கணும்.

ரெண்டு ரிப்போர்ட்டும் பேப்பர்ல ஒரே மாதிரிதான் இருக்கும். உங்க வாழ்க்கைக்கு ரெண்டும் வேற வேற.

இதை பிரிச்சுப் பாக்க பெரிய டெஸ்ட் ஒண்ணும் வேண்டாம், உங்க அப்பா அம்மா ரெண்டு பேரோட ரத்தம் போதும். ஒருத்தர்கிட்ட எக்ஸான் 3 மட்டும் குறைஞ்சு, இன்னொருத்தர்கிட்ட 4 மட்டும் குறைஞ்சா, ரெண்டும் தனித்தனி காப்பி. ஒருத்தர்கிட்டயே ரெண்டும் குறைஞ்சு இன்னொருத்தர்கிட்ட எல்லாம் சரியா இருந்தா, ஒரே காப்பி. என் கணிப்பு கேட்டீங்கன்னா, அண்ணனோட நோய் போற விதத்தைப் பாத்தா தனித்தனி காப்பியாதான் இருக்கும்னு தோணுது. கால் இழுக்கறதுல ஆரம்பிச்சது, காலைல எழுந்ததும் ஒரு மணி நேரம் மாத்திரை இல்லாமலேயே நல்லா நடக்குறார்னு நீங்க எழுதினது, கொஞ்ச டோஸ் லெவோடோபாவுக்கே நல்லா கேட்டது, வாசனை உணர்வு குறையாம இருக்குறது (வயசானப்ப வர்ற பார்க்கின்சன்ல நோய்க்கு பல வருஷம் முன்னாடியே அது போயிடும்), ஏழு வருஷமா மெதுவா போறது, எல்லாம் பார்க்கின் ஜீனோட கதை மாதிரியேதான் இருக்கு. ஆனாலும் கணிப்பு கணிப்புதான், ஒரு குடும்பத்தோட முடிவை என் கணிப்பு மேல வைக்க மாட்டேன்.

2000ல ஐரோப்பால ஒரு ஆய்வு நடந்துச்சு, குடும்பத்துல வேற யாருக்கும் இல்லாம தனியா ஒருத்தருக்கு மட்டும் வந்தவங்களைப் பாத்ததுல, 20 வயசுக்குள்ள ஆரம்பிச்சவங்கள்ல 77 சதவீதம் பேருக்கு பார்க்கின் ஜீன்தான் காரணம், 30க்கு மேல ஆரம்பிச்சவங்கள்ல வெறும் 3 சதவீதம். உங்க அண்ணன் 26, நடுவுல இருக்கார், அதனாலதான் சந்தேகத்தை தீத்துக்கணும்னு சொல்றேன். இன்னொண்ணு, வில்சன் நோய், செம்பு சேந்து வர்றது, அதுக்கு மருந்து வேற, விட்டா ஈரல் போயிடும். 40 வயசுக்குள்ள பார்க்கின்சன் மாதிரி யார் வந்தாலும் ரத்தத்துல செருலோபிளாஸ்மின்ங்கற செம்பை சுமக்கிற புரதம், சிறுநீர்ல செம்பு, கண்ல கருவிழி ஓரம் பாக்குறது இதெல்லாம் ஒரு தடவையாவது செஞ்சிருக்கணும். உங்க லெட்டர்ல அதைப் பத்தி இல்ல, டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

ஒரு காப்பி நல்லா இருந்தா ஏன் நோய் வர்றதில்லன்னு கேட்டீங்க, நல்ல கேள்வி. நரம்பு செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு கரண்ட் தயாரிக்கிற சின்னச் சின்ன பைங்க இருக்கு. அதுல ஒண்ணு பழுதாயிடுச்சுன்னா பிங்க்1ங்கற புரதம் அது மேல போய் ஒட்டிக்கிட்டு "இங்க வா"ன்னு கூப்பிடும். வர்றது பார்க்கின் புரதம். அது வந்து அந்த பழுதான பை மேல யுபிக்விட்டின்ங்கற சின்ன சீட்டை மளமளன்னு ஒட்டும், சீட்டு ஒட்டினதை செல் அள்ளிட்டுப் போய் கரைச்சிடும். பார்க்கின் இல்லைன்னா பழுதானது உள்ளயே கிடந்து செல்லை கெடுக்கும், அதிலயும் டோபமைன் தயாரிக்கிற செல்லுங்க இடைவிடாம வேலை செய்யறதுங்க, முதல்ல அடிபடறது அதுங்கதான். ஒரு காப்பி நல்லா இருந்தா சீட்டு ஒட்டுற ஆள் பாதிதான் இருப்பாங்க, ஆனா வேலை நடந்துடும். உங்க அப்பா அம்மா 60 தாண்டியும் நல்லா நடமாடுறாங்கன்னா அதுக்கு அர்த்தம் அதுதான்.

சரி, இப்ப உங்களுக்கு. ரெண்டும் தனித்தனி காப்பின்னு வந்துச்சுன்னு வச்சுக்குவோம். அப்ப உங்களுக்கு ரெண்டு பழுது காப்பியும் வந்திருக்க 25 சதவீதம், ஒண்ணு மட்டும் வந்து கேரியரா இருக்க 50 சதவீதம், எதுவுமே வராம இருக்க 25 சதவீதம். இந்த கணக்கு பிறக்கறப்ப போட்டது. இந்த நோய் பெரும்பாலும் 40க்கு முன்னாடி தலைகாட்டிடும்ங்கறதால ஒவ்வொரு வருஷமும் அறிகுறி இல்லாம போகப் போக அந்த 25 குறைஞ்சுகிட்டே வரும்.

உங்க குழந்தைக்கு வரணும்னா உங்ககிட்ட இருந்து ஒரு பழுது காப்பியும் உங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து ஒரு பழுது காப்பியும் போகணும். அவர் உங்களுக்கு ரத்த சொந்தம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க, அப்ப அந்த வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி. சொந்தமா இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன், ஒரே தாத்தா பாட்டிகிட்ட இருந்து அதே பழுது காப்பி ரெண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு இருக்கு. உங்க நிலைமைல இதுக்காக குழந்தையை தள்ளிப் போடாதீங்க. மனசு கேக்கலைன்னா, நீங்க கேரியர்னு தெரிஞ்ச பிறகு அவருக்கு ஒரு டெஸ்ட், அதுவும் எண்ணுற டெஸ்ட்டும் சேத்து எடுத்தா போதும்.

அண்ணன் பொண்ணுக்கு இப்ப டெஸ்ட் வேண்டாம். அண்ணனுக்கு ரெண்டு காப்பியும் பழுதுன்னா பாப்பாவுக்கு ஒரு பழுது காப்பி கட்டாயம் போயிருக்கும், அது டெஸ்ட் எடுக்காமலேயே தெரிஞ்ச விஷயம், ஆனா அந்த ஒரு காப்பியால மட்டும் நோய் வராது. அண்ணி வேற குடும்பம்ங்கறதால அவங்ககிட்ட இருந்தும் ஒரு பழுது காப்பி வந்திருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. நாலு வயசு குழந்தை மேல ஒரு ரிப்போர்ட்டை ஏத்தி வைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன், பெரியவளாகி அவளே முடிவு பண்ணட்டும்.

நீங்க எடுக்கணுமா? முதல்ல அப்பா அம்மா ரிசல்ட் வரட்டும், அதுக்கு முன்னாடி எடுத்தா உங்க ரிப்போர்ட்டையும் படிக்க தெரியாம முழிப்போம். அதுக்கப்புறமும் கட்டாயம் இல்ல. நோய் வர்றதை தடுக்க இன்னைக்கு மருந்து எதுவும் இல்ல, அதனால முன்கூட்டி தெரிஞ்சா நிம்மதியா இருக்குறவங்களும் இருக்காங்க, தெரியாம இருந்தா நிம்மதியா இருக்குறவங்களும் இருக்காங்க, ரெண்டுமே சரிதான். மரபணு ஆலோசகர் ஒருத்தர்கிட்ட உக்காந்து, "ரெண்டு காப்பியும்னு வந்தா அடுத்த நாள் காலைல நான் என்ன செய்வேன்"னு பேசிப் பாருங்க. அதுக்கு பதில் வராத வரைக்கும் ரத்தம் கொடுக்காதீங்க.

கை நடுங்குதுன்னு எழுதினதை மறக்கல. டம்ளர் பிடிக்கறப்ப, போன்ல டைப் பண்றப்ப நடுங்குது, படுத்தா நின்னுடுது, அண்ணன் ரிப்போர்ட் வந்த வாரத்துல ஆரம்பிச்சது. பார்க்கின்சன் நடுக்கம் பொதுவா இதுக்கு நேர் எதிர், கை சும்மா மடில கிடக்கறப்ப ஆடும், எதையாவது எடுக்கப் போனா குறையும். ஒண்ணு செஞ்சு பாருங்க, கை ரெண்டையும் மடில தளர்வா வச்சுகிட்டு, 100ல இருந்து ஏழு ஏழா கழிச்சு சத்தமா சொல்லுங்க, வீட்டுக்காரர் கையை பாக்கட்டும். கவனம் கணக்குல இருக்கறப்பதான் அந்த நடுக்கம் வெளிய வரும். வரலைன்னா பெரும்பாலும் பதட்டம்தான், தைராய்டு ஒரு தடவை பாத்துடுங்க. வந்தாலோ, ஒரு கையெழுத்து வரிக்கு வரி சின்னதாகிட்டே போனாலோ நேர்ல போய் காட்டுங்க. தினம் தினம் கையை நீட்டி வச்சு பாத்துட்டு இருக்காதீங்க, உத்துப் பாத்தா எந்த கையும் ஆடும்.

கால் விஷயத்துல அண்ணனுக்கு நாலு வருஷம் போனதைப் பத்தி எனக்கும் வருத்தம்தான். பல வருஷம் முன்னாடி 24 வயசு பொண்ணு ஒருத்தங்க வந்தாங்க, நடக்கச் சொல்லி பாத்தா நல்லா நடந்தாங்க, ஒண்ணும் இல்லைன்னு அனுப்ப இருந்தேன். வாசல்ல கழட்டி வச்ச செருப்பை மாட்டறப்பதான் பாத்தேன், ஒரு செருப்புல மட்டும் வெளி ஓரம் தேஞ்சு ஓட்டையே விழுந்திருந்துச்சு, இன்னொண்ணு புதுசு மாதிரி இருந்துச்சு. திரும்ப கூப்பிட்டு வராண்டால பத்து நிமிஷம் வேகமா நடக்க விட்டேன், எட்டாவது நிமிஷம் பாதம் திரும்புச்சு. அன்னைல இருந்து சின்ன வயசுக்காரங்க கால் பிரச்சனைன்னு வந்தா செருப்பை திருப்பிப் பாக்காம விடறதில்ல. அவங்களுக்கும் இதே ஜீன்தான், இன்னைக்கும் வேலைக்குப் போறாங்க.

அதனால அண்ணனுக்கு எதிர்காலமே போச்சுன்னு எழுதினதை திருப்பி எடுத்துக்குங்க. இந்த வகை பார்க்கின்சன் வருஷக்கணக்கா மெதுவாதான் போகும், மறதி, குழப்பம் வர்றது அபூர்வம், லெவோடோபா நல்லா கேக்கும். சின்ன வயசுங்கறதால உடம்பு தானா வளையுற டிஸ்கைனீசியா கொஞ்சம் சீக்கிரம் வரும், அதனால டோஸை கம்மியா பாத்து ஏத்துவாங்க. பிற்காலத்துல தேவைப்பட்டா மூளைக்குள்ள மின்முனை வைக்கிற டிபிஎஸ் ஆபரேஷன் இவங்களுக்கு நல்லா உதவுது. உடற்பயிற்சியை மருந்து மாதிரி நேரம் வச்சு செய்யச் சொல்லுங்க.

அம்மா அழுறதும் அப்பா "என் வழில யாருக்கும் இல்ல"ன்னு சொல்றதும் புரியுது. யார் வழிலயும் இருக்காதும்மா, ஒத்தை காப்பி எத்தனையோ தலைமுறையா சத்தமே இல்லாம வந்துட்டு இருந்திருக்கும், யாருக்கும் தெரிய வழியே இல்ல. "யார் மேல தப்புன்னு பாக்க ரத்தம் கொடுங்க"ன்னு கேக்காதீங்க, "தங்கச்சிக்கு ஒரு பதில் கிடைக்கணும், அதுக்கு உங்க ரத்தம் வேணும்"னு கேளுங்க, அப்பா வருவார். போறப்ப அண்ணனோட ரெண்டாவது ரிப்போர்ட்டை, முதல் பக்கம் மட்டும் இல்லாம எண்ணிக்கை டேபிள் இருக்குற பக்கமும் சேத்து கொண்டு போங்க, அந்த எக்ஸான் 3ம் 4ம் மட்டும் பாத்தா போதும்னு லேப்ல சொல்லுங்க.

அது அடுத்த வாரம் கூட பாத்துக்கலாம். மாத்திரைக்கான போன் நாளைக்கு காலைல.